காற்பந்து வாத்தியார் ரஹீம்



சாயங்காலமானால் நம் பினாங்குத் தோட்டத்துத் திடலில் பந்து உதைக்கிறீர்களே, ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீமைத் தெரியுமா? 1909-இல் பிறந்தவர். முதலில் உங்களைப் போல ஆட்டக்காரர். பிறகு என்னைப் போலப் பள்ளிக்கூட வாத்தியார். பின்னர் ஹைதராபாத் நகரப் போலீஸ் குழுவுக்குப் பயிற்றுநரானார்.

பந்தை ஒருத்தனே வச்சுக்கிட்டு ஓடக்கூடாது, வாங்கினதும் அடுத்தவனுக்குத் தட்டிவிடணும் என்பது அவர் கொள்கை. பழகாத காலால் மட்டுமே உதைக்கும் போட்டிகளைக்கூட நடத்தினார். அந்தக் குழு 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது.

1951 டில்லி ஆசியப் போட்டியில் அவர் பயிற்சியில் இந்தியாவுக்குத் தங்கம். மறுவருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று படுதோல்வி! நம் ஆட்டக்காரர் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். ரஹீம் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. குறையைப் பார்த்துத் திருத்தினார். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு நான்காம் இடம்.

1962 ஜகார்த்தா. புற்றுநோய் அவர் உடம்பை அரித்துக்கொண்டிருந்தது. தலையில் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கைத் தாக்குதல் வரிசைக்கு மாற்றினார். தென்கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். 2-1, மீண்டும் தங்கம். 1963 ஜூனில் ரஹீம் காலமானார்.

பெற்றோர்களே, இன்று பரிசு வாங்காத பிள்ளையை வீட்டுக்குப் போய்த் திட்டாதீர்கள். பத்து கோல் வாங்கிய குழுவின் வாத்தியார்தான் பிறகு தங்கம் வாங்கித் தந்தார். மாணவர்களே, வராத காலை நாளைக்கே பழக்குங்கள். வராத கணக்கையுந்தான்!