மா வீட்டு இரண்டாவது மகன்

கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல்வெட்டு உண்டு. 1409ஆம் ஆண்டுத் திகதியைக் கொண்ட அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1911இல் அது காலியில் கண்டெடுக்கப்பட்டது. அதை இலங்கைக்குக் கொண்டுவந்த சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்று அறிந்ததும் அவரைப் பற்றித் தேடி வாசித்தேன். அவருடைய கடற்பயணங்களைவிட அவருடைய பெயரின் கதையே என் மனதில் நின்றது.

அவர் 1371இல் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் குன்யாங் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அவர் பெயர் மா ஹே. நாம் வாப்பாவின் பெயரை முதலெழுத்தாக இடுவது போல, சீனர் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள். மா என்றால் குதிரை. ஆயினும் முஹம்மத் என்ற பெயரின் ஒலியை ஒத்திருந்ததால் சீன முஸ்லிம்கள் பலர் அதைக் குடும்பப் பெயராக ஏற்றனர். அவருடைய வாப்பாவும் பாட்டனாரும் ஹாஜி என்றே அழைக்கப்பட்டார்கள்.

மிங் படை யுன்னானைக் கைப்பற்றிய காலத்தில், 1382இல், வாப்பா 39 வயதில் இறந்தார். சிறுவன் சிறைபிடிக்கப்பட்டு, ஆண்மை நீக்கப்பட்டு, இளவரசர் ஒருவரின் பணியாளனானான். வீடும் உறவும் போயின. தனக்கென்று பிள்ளைகள் பிறக்கும் வாய்ப்பும் போயிற்று. அந்த இளவரசர் பின்னர் பேரரசராகி, போரில் உதவியவருக்கு 1404இல் செங் என்ற குடும்பப் பெயரைப் பரிசளித்தார். அது பெரும் கௌரவம்தான். ஆனால் வாப்பாவின் பெயர் அவரை விட்டு நீங்கியது.

1405இல் 27,000க்கும் மேற்பட்டோருடன் முதற் கடற்பயணம் புறப்பட்டார். அதே ஆண்டில் குன்யாங்கில் வாப்பாவின் கப்றடியில் ஒரு கல் நாட்டச் செய்தார். குடும்பத்தின் பெயர் மா என்று அதில் தெளிவாக உண்டு. பாட்டனார், வாப்பா, இரண்டு ஆண் மக்கள் ஆகியோரின் பெயர்களும் உண்டு. உம்மாவோ வென் குடும்பத்தவர் என்று மட்டுமே குறிக்கப்பட்டுள்ளார். நான்கு பெண் மக்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான்.

மூன்றாம் பயணம் முடிந்து 1411இல் அவர் அந்தக் கப்றைத் தரிசித்தார். கல்லின் பின்புறத்தில் அந்த வருகை பதிவாகியுள்ளது. அங்கே அவர் பெயர் செங் ஹே என்றே இருக்கிறது. ஆனால் மா குடும்பத்தின் இரண்டாவது மகன் என்ற சொற்கள் அதற்கு முன்னால் நிற்கின்றன.

சகோதரரின் மகனே அவருக்கு வாரிசானார். அந்த வழியினர் இன்றும் செங் என்ற பெயரைத் தாங்குகிறார்கள்.

இதை வாசித்த பிறகு உம்மாவிடம் கேட்டு எங்கள் குடும்பத்துப் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். பெண்களை எண்ணிக்கையாக அல்ல, பெயராகவே எழுதுகிறேன்.