தொட்டியைக் கவிழ்த்த டாக்டர்

1883-ம் ஆண்டு. பெங்களூரில் ஓர் இளம் ராணுவ டாக்டருக்கு ஓயாத கொசுத் தொல்லை. சன்னலுக்கு வெளியே கிடந்த தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். உள்ளே புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், தொல்லை குறைந்தது!

அவர்தான் ரொனால்டு ராஸ். 1857-ல் அல்மோராவில் பிறந்தவர். கவிதையில் நாட்டம், தகப்பனார் சொல்லுக்காக மருத்துவம் படித்தார்.

கெட்ட காற்றால் மலேரியா வருகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. 1894-ல் லண்டனில் டாக்டர் பாட்ரிக் மான்சன், கொசுவின் மீது தமக்குள்ள சந்தேகத்தை ராஸிடம் சொன்னார். இந்தியா திரும்பிய ராஸ், கொசுக்களை அறுத்துச் சோதித்தார். இரண்டு ஆண்டுகள் வீணாயின. விசிறி போட்டால் கொசு பறந்துவிடும். வியர்வையில் மைக்ராஸ்கோப்பின் திருகாணிகளே துருப்பிடித்தன.

1897 ஆகஸ்டு 20. செகந்திராபாத்தில், நோயாளியைக் கடித்த அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில், கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீர் வழியே கிருமி ஏறுவதைப் பறவைகளைக் கொண்டு நிரூபித்தார். 1902-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1932-ல் காலமானார்.

மழைக்காலத்தில் ஊரெங்கும் கொசு பெருகுகிறது. இரவில் வலை கட்டிப் படுப்பது நல்லதே. ஆனால் கொல்லையில் கிடக்கும் கொட்டாங்கச்சியையும் உடைந்த பானையையும் கவிழ்த்தீர்களா? தொட்டியை வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவினீர்களா? பெங்களூரில் ராஸ் செய்தது அவ்வளவுதான்!