மண்ணின் இயல்பறிந்த மாமேதை கார்ல் டெர்சாகி

ஓங்கி உயர்ந்த கட்டடத்தைக் காணும் நாம் அதன் உயரத்தையும் அழகையும் வியக்கிறோம். அதனைத் தாங்கி நிற்கும் மண்ணை எண்ணிப் பார்ப்பதில்லை. சுவரில் விரிசல் தோன்றிய பின்னரே நமது பார்வை அஸ்திவாரத்தின் பக்கம் திரும்புகின்றது. கட்டுவதற்கு முன்பே மண்ணைச் சோதித்தறியும் முறையை அறிவியலாக வகுத்தளித்தவர் கார்ல் டெர்சாகி. நிலவியலையும் பொறியியலையும் இணைத்த அப்பெருமகனாரின் வாழ்வு நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

இளமையும் ஏமாற்றமும்

டெர்சாகி 1883 அக்டோபர் 2-ஆம் நாள் பிராக் நகரில் பிறந்தார். தந்தையார் இராணுவ அதிகாரி. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இயந்திரப் பொறியியல் பயின்று 1904-இல் பட்டம் பெற்றார். எனினும் அவரது உள்ளம் நிலவியலையே நாடியது. இராணுவப் பணியில் இருந்த ஓராண்டுக் காலத்தில், கள நிலவியல் பற்றிய ஆங்கில நூலொன்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

அக்காலத்தில் மண் அணைகள் சரிந்தன, கட்டடங்கள் இறங்கின. காரணத்தை முன்கூட்டியே கணிக்கும் வழி எவருக்கும் புலப்படவில்லை. விடை தேடி 1912-இல் அமெரிக்கா சென்ற டெர்சாகி, அங்கு அணைகள் கட்டப்பட்ட இடங்களை நேரில் ஆராய்ந்தார். பாறை, களிமண், மணல் என்று பெயரிட்டு அழைப்பதால் மட்டும் அவற்றின் வலிமையை அறிய முடியாது என்பதே அவர் கண்ட முடிவு. தேடிச் சென்ற விடை கிட்டாமல் மனம் சோர்ந்து நாடு திரும்பினார்.

இஸ்தான்புல் தந்த விடை

முதல் உலகப் போரின்போது, 1916-இல், உஸ்மானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்புல்லில் பொறியியல் கல்லூரி ஆசிரியராக அனுப்பப்பட்டார். 1918-இல் போர் முடிந்ததும் அப்பணி பறிபோயிற்று. பின்னர் அந்நகரிலேயே ராபர்ட் கல்லூரியில் பணியேற்றார். ஆய்வுக்கூடமோ விலையுயர்ந்த கருவிகளோ அவருக்கு வாய்க்கவில்லை. சுருட்டுப் பெட்டிகளையும், கல்லூரியில் கழித்துப் போட்ட பொருள்களையும் கொண்டு தாமே கருவிகளைச் செய்தார். களிமண்ணின் மீது பாரத்தை ஏற்றி, அது அமுங்கும் அளவைப் பொறுமையுடன் குறித்து வந்தார்.

அப்பொழுதுதான் அந்த உண்மை வெளிப்பட்டது. நீர் நிறைந்த களிமண்ணின் மீது பாரம் ஏறும்போது, அதனை முதலில் தாங்குவது மண்துகள்கள் அல்ல, இடையிலுள்ள நீரே. அந்நீர் நுண்துளைகள் வழியே மெல்ல மெல்ல வெளியேற, பாரம் துகள்களின் மீது இறங்குகின்றது; மண் இறுகி அமுங்குகின்றது. கட்டி முடித்துப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும் சில கட்டடங்கள் இறங்குவதன் காரணம் இதுவே. மொத்த அழுத்தத்திலிருந்து நீரின் அழுத்தத்தைக் கழித்தால் எஞ்சுவதே மண்ணின் வலிமையைத் தீர்மானிக்கின்றது. இன்றளவும் அஸ்திவாரக் கணக்குகள் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

இவ்வாய்வுகளைத் தொகுத்து 1925-இல் அவர் வெளியிட்ட ஜெர்மன் நூல், மண் இயக்கவியல் என்னும் புதிய துறைக்கு வித்திட்டது. அப்போது அவருக்கு வயது 41.

உலகம் போற்றிய பணி

அவ்வாண்டே அமெரிக்காவின் எம்.ஐ.டி. அவரை அழைத்துக்கொண்டது. 1929-இல் வியன்னா பேராசிரியரானார். 1938-இல் அமெரிக்கா திரும்பி ஹார்வர்டில் பணியாற்றினார். 1936-இல் நடந்த முதல் பன்னாட்டு மண் இயக்கவியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். ரால்ப் பெக் என்பாருடன் இணைந்து எழுதி 1948-இல் வெளியிட்ட நூல், பொறியாளர்களின் கைநூலாயிற்று. அவருடைய துணைவியார் ரூத் அம்மையாரும் நிலவியல் அறிஞரே.

எழுபது வயதில் ஹார்வர்டிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் உழைப்பை நிறுத்தவில்லை. எகிப்தின் அஸ்வான் உயர் அணைக்கான ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்தார். பணிப்பொறுப்பில் இருந்த ரஷ்யப் பொறியாளர்களுடன் கருத்து மாறுபட்டபோது, 1959-இல் அப்பதவியையே துறந்தார். தம் அறிவுக்கு உடன்பாடற்றதற்குத் தம் பெயரை இரவல் தர அவர் இசையவில்லை.

மேசையில் போட்ட கணக்கோடு வேலை முடிந்ததென அவர் கருதியதில்லை. கட்டுமானத்தின்போதே மண்ணில் அளவுகருவிகளைப் பொருத்தி, அவை காட்டும் உண்மைக்கேற்பத் திட்டத்தை மாற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மிகக் கடினமான நிலத்தில் அவ்வாறே எழுந்த மிஷன் அணை, 1965-இல் டெர்சாகி அணை எனப் பெயர் மாற்றப்பட்டது. அப்பெருமையைக் காண அவர் இல்லை. 1963 அக்டோபர் 25-இல், தமது 80-ஆம் வயதில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வின்செஸ்டரில் காலமாகியிருந்தார்.

பொறியியல் பயிலும் நம் மாணவச் செல்வங்கள் இவ்வாழ்வைக் கருத்தில் கொள்ளுதல் நலம். வசதி இல்லை என்பது ஆய்வுக்குத் தடையன்று. சுருட்டுப் பெட்டியிலும் ஓர் அறிவியல் பிறந்தது. வீடு கட்ட முனையும் நாமும் முகப்பின் அழகுக்குச் செலவிடுமுன், மண் பரிசோதனைக்குச் சிறிது செலவிடுவோமாக. கண்ணுக்குப் புலப்படாத அந்த மண்ணின் மீதே நம் பிள்ளைகள் உறங்கப் போகின்றனர்.