பாஸ்பரஸை நீலமாக்கிக் காட்டியவர்

ஆம்பூர் பிரியாணியை ஒரு பிடி பிடிச்சுட்டு ஹாஸ்டலுக்குத் திரும்புறீங்க. அந்தக் கறியில் இருந்த பாஸ்பரஸ் எங்கே போகுதுன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா? சிறுகுடல் அதை உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கும். வைட்டமின் டி அதுக்குத் துணை. உடம்பில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பங்கு எலும்பில்தான். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றும். கல்லீரலும் கொஞ்சத்தை லெசித்தின் என்ற கொழுப்பாகப் பித்தநீரில் விட்டுக் குடலுக்கு அனுப்பும். அதிலும் பெரும்பகுதியைக் குடல் திரும்ப எடுத்துக்கும். கஞ்சன்தான் நம்ம உடம்பு!

இந்தக் கணக்கைப் போட ஒரு அளவுகோல் வேணும் இல்லையா? அதைத் தந்த இருவரில் ஒருவர் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படிச்சவர்: யெல்லாபிரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிக்குலேஷனில் இரண்டு முறை ஃபெயில். (அரியர் வச்சிருக்கிறவங்க கவனிக்கவும்.) ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தார். மருத்துவம் படிக்கும்போது காந்தியின் அழைப்பை ஏற்று கதர் உடுத்தினார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கலை. எம்.பி.பி.எஸ். போச்சு, எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைச்சது.

அடுத்து பாஸ்டன். ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை செஞ்சுக்கிட்டே ஹார்வர்டில் ஆராய்ச்சி. 1925-ல் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து அந்த முறையை வெளியிட்டார். பாஸ்பேட் உள்ள அமிலக் கரைசலில் அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்து, ஒரு ஒடுக்கியையும் சேர்த்தால் நீல நிறம் வரும். பாஸ்பரஸ் கூடக் கூட நீலம் அடர்த்தியாகும், அவ்வளவுதான். பித்தநீர் கொழுப்பில் ஒளிஞ்சிருக்கிற பாஸ்பரஸையும் அளக்கலாம். முதலில் அமிலம் விட்டுச் சூடாக்கி அந்தக் கொழுப்பைச் சிதைக்கணும்.

அதே நீலத்தை வச்சுத்தான் தசையில் பாஸ்போகிரியேட்டினை 1927-லும், ஏ.டி.பி.யை 1929-லும் கண்டுபிடிச்சாங்க. இவ்வளவுக்கும் பிறகு ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரலை. என் கணக்கில் அந்தக் கதர்க் கோபத்தைவிட இது பெரிய அநியாயம்.

1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கே அது மருந்தானது. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரையும் அவர் குழுவிலிருந்து வந்ததுதான். நம்ம வேலூர்ப் பக்கம் வீடு வீடாகக் கொடுத்தாங்களே, அதே மாத்திரை!

1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 53. பயோகெமிஸ்ட்ரி லேப் இருக்கிற நண்பர்கள் யாராவது இருந்தா, பாஸ்பரஸ் பரிசோதனைப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்க. ஃபிஸ்க் பேருக்குப் பக்கத்திலேயே அவர் பேரும் இருக்கும்.