எதிரி நாட்டு ஆள் பார்த்த நட்சத்திரங்கள்

சில நட்சத்திரங்கள் துடிக்கும். விரிந்து சுருங்கும்போது வெளிச்சமும் ஏறி இறங்கும். ஒரு துடிப்புக்கு எத்தனை நாள் என்பதை வைத்தே அதன் வயசைக் கணிக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி அது இளசா, கிழமா என்று தெரியணும். அந்தப் பிரிவைக் கண்டுபிடித்தவர் வால்டர் பாடே.

1893-இல் ஜெர்மனியில் பிறந்தவர். பிறவியிலேயே இடுப்பில் குறை, சாய்ந்துதான் நடப்பார். 1931-இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்துக்கு வந்தார். அமெரிக்கக் குடியுரிமை மட்டும் வாங்கவில்லை. போர் வந்ததும் சட்டப்படி எதிரி நாட்டு ஆள் ஆகிட்டார்! ஹபிள் உட்பட மத்தவங்க போர் வேலைக்குப் போக, 100 அங்குலத் தொலைநோக்கி பெரும்பாலும் இவர் கையில். கீழே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமும் விளக்கை அணைத்துக் கிடந்தது. நமக்கு கரண்ட் கட்னா கடுப்பு, அவருக்கு அது வரம்.

1943-இல், சிவப்பு ஒளியைப் பிடிக்கும் தட்டுகளை வைத்து ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் நடுப்பகுதியைப் படமெடுத்தார். அதுவரை வெறும் புகையாகத் தெரிந்த இடத்தில் தனித்தனியாகச் சிவப்பு நட்சத்திரங்கள். சுருள் கைகளில் இருந்த பிரகாசமானவையோ நீலம். கையில் இருப்பது இளசு, நடுவில் இருப்பது கிழம்.

சிக்கல் இனிமேதான். தூரத்தை அளக்க உதவும் செஃபீட் என்ற துடிப்பு நட்சத்திரங்களிலும் இதே ரெண்டு வகை. துடிப்புக்காலம் ஒண்ணா இருந்தாலும் இளசு சுமார் 4 மடங்கு பிரகாசம். எல்லாத்தையும் ஒரே அளவுகோலில் அளந்ததால், ஆண்ட்ரோமெடா உண்மையில் இருப்பதைவிடப் பக்கமாகத் தெரிந்தது. பாலோமரின் 200 அங்குலத் தொலைநோக்கி வந்ததும் சோதித்தார். பழைய கணக்கு சரின்னா, ஆர்ஆர் லைரே என்ற கிழட்டு வகை அங்கே தெரிந்திருக்கணும். தெரியலை.

1952-இல் ரோம் மாநாட்டில் அறிவித்தார்: தூரம் சுமார் ரெண்டு மடங்கு. கூடவே பிரபஞ்சத்தின் வயசும் இரட்டிப்பானது. அதுவரை பிரபஞ்சத்துக்கு சுமார் 200 கோடி வருஷம், பூமியின் பாறைக்கு 300 கோடிக்கு மேல். அம்மாவைவிட பிள்ளைக்கு வயசு அதிகம்! அந்த மானக்கேடு பெருமளவு தீர்ந்தது.

இன்று நாம் போடும் வயசுக் கணக்கும் இந்தப் பிரிவின் மேலதான் நிற்குது. இளம் செஃபீடில் துடிப்பு நீளமானால் நிறை அதிகம். எரிபொருளைச் சீக்கிரம் தீர்க்கும், அதனால் வயசு குறைவு. பல செஃபீட்களுக்குச் சில கோடி வருஷம்தான். அரை நாளில் துடிக்கும் ஆர்ஆர் லைரேவுக்கோ 1000 கோடிக்கு மேல். செஃபீட் சூத்திரத்தை அதுக்குப் போட்டா விடை கோவிந்தா.

பாடே கண்டுபிடித்த அளவுக்கு எழுதியவர் இல்லை. 1960-இல் கோட்டிங்கனில் இறந்தார். ஹார்வர்டில் அவர் நடத்திய பாடங்களை சிசிலியா பெய்ன்-கபோஷ்கின் தொகுக்க, 1963-இல்தான் அது புத்தகமாக வந்தது.