வில்லியம் பிளேபேர்

எண்களை நிரல்பட எழுதிய அட்டவணையைக் கற்றோரும் நெடுநேரம் நோக்க விரும்பார். அவ்வெண்களையே கோடாகவும் தூணாகவும் வரைந்து காட்டினால், அவற்றின் ஏற்றத்தையும் தாழ்வையும் யாவரும் ஒரு நோக்கிலேயே உணர்வர். இன்று கணினியின் விரிதாளில் கோட்டையும் தூணையும் ஒரே படத்திற் சேர்த்தல் நொடிப்பொழுதில் முடியும் வேலை. இருநூறு ஆண்டுகட்கு முன்னரே அவ்விரண்டையும் செப்புத் தகட்டில் ஒருங்கு சேர்த்தவர் வில்லியம் பிளேபேர் என்பவர். அவருடைய சரித்திரத்தைச் சுருக்கமாக ஈண்டு வரையத் துணிந்தோம்.

இவர் ஸ்காட்லாந்து தேசத்தில் டண்டீ நகருக்கு அணித்தான லிஃப் என்னும் ஊரில் 1759-ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையார் திருச்சபைப் போதகர். அவர் 1772-ல் இறைவனடி சேரவே, இளைஞரை வளர்க்கும் பொறுப்பு மூத்த சகோதரராகிய ஜான் பிளேபேரைச் சார்ந்தது. பிற்காலத்தில் எடின்பரோ சர்வகலாசாலையிற் கணித ஆசிரியராய் விளங்கிய அப்பெரியார், உஷ்ணமானி காட்டும் அளவை நாடோறும் குறித்துப் படமாக வரையுமாறு தம்பியைப் பழக்கினார். எண்ணாற் கூறத்தக்க எதனையும் கோட்டினாற் காட்டலாம் என்னும் கருத்து அவ்விளம் பருவத்திலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று.

பின்னர் அவர் கதிரடிக்கும் இயந்திரம் சமைத்த ஆண்ட்ரூ மீக்கிலிடம் தொழில் பயின்றார். 1777-ல் பர்மிங்காம் நகரில் நீராவி இயந்திரப் புகழ் படைத்த ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைவோராக அமர்ந்தார். சில ஆண்டுகளில் அவ்வேலையை விடுத்து இலண்டன் மாநகரில் வெள்ளிப்பாத்திர வாணிகம் தொடங்கினார், அது நிலைக்கவில்லை.

1786-ல் அவர் வெளியிட்ட வாணிக, அரசியற் படநூலே அவருக்கு அழியாப் புகழ் தந்தது. இங்கிலாந்து பிற நாடுகளோடு நடத்திய ஏற்றுமதி, இறக்குமதிகள் ஆண்டுதோறும் எவ்வாறு மாறின என்பதை அந்நூலிற் கோடுகளாற் காட்டினார். ஸ்காட்லாந்தின் வாணிகத்திற்கோ ஓராண்டுக் கணக்கே அவர்க்குக் கிடைத்தது. ஓராண்டுக் கணக்கைக் கொண்டு காலத்தின் ஓட்டத்தைக் கோடாக வரைதல் இயலாது. ஆதலின் ஒவ்வொரு நாட்டிற்கும் தனித்தனியே தூண்களை வரைந்தார். கணக்கின் குறையே ஒரு புது வழிக்குக் காரணமாயிற்று. 1801-ல் வெளியிட்ட மற்றொரு நூலில் வட்டத்தைப் பகுத்துக் காட்டும் முறையையும் அவர் கையாண்டார்.

இத்துணை அறிவு படைத்தவர் பொருள் விஷயத்தில் நிதானமற்றவராயிருந்தார் என்பதை மறைத்தல் முறையன்று. 1787-ல் பாரிஸ் நகரஞ் சென்ற அவர், அமெரிக்காவில் நிலம் விற்பதாக ஏற்பட்ட சியோட்டோ கம்பெனியின் அலுவலில் ஈடுபட்டார். அதனை நம்பிக் கடல் கடந்த பிரெஞ்சுக் குடும்பங்கள் விலை கொடுத்த நிலத்திற்கு உரிமை பெறாமல் அல்லலுற்றன. இலண்டனுக்கு மீண்டு அவர் அமைத்த பாங்கும் வீழ்ந்தது. முதுமையிலும் கடன் அவரை விட்டபாடில்லை.

அவருடைய பெரும்படம் ஒன்று 1821-ல் வெளிவந்தது. நெப்போலியனோடு நிகழ்ந்த போர்கள் 1815-ல் ஓய்ந்தபின் கோதுமை விலை சரிந்தது, நிலமுடையோர் கலங்கினர். குவார்ட்டர் ஒன்றுக்கு 80 ஷில்லிங் விலை வரும்வரை அயல்நாட்டுக் கோதுமை விற்பனைக்கு வராதவாறு தடுக்குஞ் சட்டமும் அவ்வாண்டிலேயே பிறந்தது. ஏழையின் அப்பமே வழக்காயிருந்த அந்நாளில், பார்லிமெண்டின் இரு சபையாரையும் விளித்துப் பிளேபேர் ஒரு நிருபம் வெளியிட்டார். அதனோடு இணைந்ததே அப்படம்.

அதில் 1565 முதல் 1821 வரை, ஐந்தாண்டுக்கு ஒன்றாகக் கோதுமை விலை தூண்களாய் நின்றது. அவற்றின் கீழ்ப்புறமாகத் தேர்ந்த கைத்தொழிலாளன் ஒருவனது வாரக் கூலி ஒரு கோடாய் ஓடிற்று. உச்சியில் எலிஸபெத் அரசி முதல் நான்காம் ஜார்ஜ் வரை ஆண்டோரின் காலங்கள் குறிக்கப்பட்டிருந்தன. உழைப்பின் கூலியோடு ஒப்பிடுங்கால் கோதுமை முன்னெப்போதும் இத்துணை மலிவாய் இருந்ததில்லை என்பது அவர் துணிபு.

அத்துணிபைப் படம் காட்டுகின்றதா என்று நாம் ஆராய்தல் வேண்டும். தொடக்கத்தில் தூணின் உயரம் ஏறக்குறைய 40 ஷில்லிங். கூலி ஏறக்குறைய 5. ஆகவே ஒரு குவார்ட்டர் கோதுமை வாங்க எட்டு வாரம் உழைக்க வேண்டும். 1810-ஐ அடுத்துத் தூண் 100 ஷில்லிங்கை நெருங்குகின்றது, கூலியோ 30. அப்போது மூன்று வாரத்திற்குச் சற்று மிகுதியான உழைப்பே போதும். வானளாவிய தூணைக் காணுங் கண், கோதுமை அரிதாயிற்று என்று சொல்லும். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்க்கும் அறிவோ, எளிதாயிற்று என்று சொல்லும். பிளேபேர் சொல்ல விரும்பிய உண்மை தூணிலும் இல்லை, கோட்டிலும் இல்லை. அவ்விரண்டின் விகிதத்தில் இருந்தது. அதனை மட்டும் அவர் அப்படத்தில் வரையாது விட்டார். மேலும், அக்கோடு தேர்ந்த தொழிலாளனுக்கே உரியது. வயலில் அறுவடை செய்த கூலியாளின் வாரக் கூலி அப்படத்தில் இடம் பெறவில்லை.

அவர் 1823-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 11-ஆம் நாள் இலண்டனில் வறிஞராய் உயிர் நீத்தார். அவர் தொடங்கிய வாணிகங்கள் யாவும் மறைந்தன. தூணும் கோடும் உலகெங்கும் பரவி நிற்கின்றன. சாத்திரம் பயிலும் நண்பர்களும், எம்மைப்போல் இலக்கியம் பயில்வோரும் நாடோறும் பத்திரிகைகளில் இத்தகைய படங்களைக் காண்கின்றோம். கோடும் தூணும் ஒருங்கே நிற்கக் கண்டவிடத்து, அவற்றை எவ்வாறு ஒப்பிடல் வேண்டும் என்றும், யாருடைய கூலி அங்கே விடுபட்டுள்ளது என்றும் வினவுதல் நம் கடமையாகும். பிளேபேரின் கலையும் அதன் குறையும் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவேயாம்.