ஆறு மடங்கு பலம் கேட்ட மனிதர்

நியூயோர்க் நகரின் படங்களில் ஒரு தொங்கு பாலத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். இரு பெரும் கற்கோபுரங்களுக்கு மேலாகச் செல்லும் நான்கு உருக்கு வடங்களில் அது தொங்குகிறது. புறூக்ளின் பாலம் என்பது அதன் பெயர். 1883ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாலத்தை இன்றும் அதே வடங்களே தாங்கி நிற்கின்றன. அவ்வடங்களுக்குள் ஒரு மோசடி மறைந்து கிடக்கிறது. அம்மோசடியால் பாலம் விழாதபடி காத்தவரோ, அதன் முதற் கல் வைக்கப்படுமுன்பே கண்மூடிவிட்டார். அவரே ஜோன் அகஸ்டஸ் றோப்ளிங்.

1806ஆம் ஆண்டு யூன் 12ஆம் நாள், ஜேர்மனியின் மூல்ஹவுசன் என்னும் ஊரில் றோப்ளிங் பிறந்தார். பெர்லினில் பொறியியல் கற்றபின், 1831இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். பென்சில்வேனியா மாநிலத்தில், தம்மவர் சிலருடன் சேர்ந்து சக்சன்பேர்க் என்ற ஊரை அமைத்து, சில காலம் கமஞ்செய்தார். ஆனால் கலப்பை அவருக்குக் கைவரவில்லை. மீண்டும் அளவுகோலை எடுத்தார்.

அக்காலத்தில் அம்மாநிலத்தின் கால்வாய்ப் படகுகளைத் தண்டவாள வண்டிகளில் ஏற்றி, மலைச் சரிவில் தடித்த சணல் வடங்களால் இழுத்து மேலேற்றுவார்கள். வடங்கள் விரைவில் தேய்ந்தன. அறுந்தால் உயிருக்கும் பொருளுக்கும் ஆபத்து. இதைக் கண்ட றோப்ளிங், இரும்புக் கம்பிகளைத் திரித்து வடமாக்க 1841இல் முற்பட்டார். முதலில் சொந்த நிலத்திலேயே தொடங்கிய அத்தொழில் வளர்ந்து, 1849இல் நியூ ஜேர்சியின் ட்ரென்டன் நகரில் பெருந்தொழிற்சாலையானது.

வாசகர்களே, ஒரு பாரத்தைத் தூக்க எவ்வளவு தடித்த கம்பி வேண்டும் என்று எப்படி அறிவது? கண் மதிப்பு இங்கே உதவாது. பாரத்தைக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் வருவது தகைப்பு. தகைப்புச் சிறிதாயின் கம்பி சற்று நீண்டு, பாரத்தை எடுத்ததும் பழைய நீளத்துக்குத் திரும்பும். ஓர் எல்லையைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான், திரும்பாது. கம்பி இளகிவிட்டது என்கிறோம். மேலும் இழுத்தால் அறும். றோப்ளிங்கின் காலத்தவர் அறும் எல்லையை வைத்துக் கணக்கிட்டனர். இன்றைய பொறியியலாளர் பெரும்பாலும் இளகும் எல்லையையே நோக்குவர். ஆனால் வழி ஒன்றே. எல்லை எதுவோ அதை ஒரு பாதுகாப்பு எண்ணால் வகுத்து, அந்த அளவுக்குள் தகைப்பை நிறுத்த வேண்டும்.

ஓர் உதாரணம் பாருங்கள். சதுர அங்குலத்துக்கு 40,000 இறாத்தலில் இளகும் உருக்கில் 1,000 இறாத்தல் பாரத்தைத் தொங்கவிட வேண்டும் என்போம். பாதுகாப்பு எண் 5 எனக் கொண்டால், சதுர அங்குலத்துக்கு 8,000 இறாத்தலே ஏற்றலாம். ஆகவே வேண்டிய பரப்பு எட்டில் ஒரு சதுர அங்குலம். கம்பியின் விட்டம் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு அங்குலம். பாதுகாப்பைக் கருதாவிட்டால் இதில் பாதிக்கும் குறைந்த விட்டமே போதும் போலத் தோன்றும். ஆனால் அக்கம்பி இளகும் விளிம்பில் நிற்கும். சிறு அதிர்ச்சியோ, கம்பியில் மறைந்துள்ள ஒரு குறையோ அதைக் கெடுத்துவிடும்.

றோப்ளிங் இந்த விளிம்பை என்றும் அஞ்சினார். ஒஹாயோ ஆற்றின் மேல் வீலிங் நகரில் வேறொருவர் அமைத்த தொங்கு பாலம் 1854இல் காற்றில் சிக்கி விழுந்தது. அடுத்த ஆண்டே, நயாகரா ஆற்றின் மேல் றோப்ளிங் கட்டிய 821 அடித் தொங்கு பாலத்தில் புகைவண்டி ஓடியது! பின்பு சின்சினாட்டியில் 1,057 அடிப் பாலத்தையும் முடித்தார்.

புறூக்ளின் பாலத்துக்கு அவர் வகுத்த நடு இடைவெளி ஏறக்குறைய 1,600 அடி. இரும்புக் கம்பிக்குப் பதிலாக உருக்குக் கம்பியைத் தெரிந்தார். வேண்டியதைப் போல் ஆறு மடங்கு பலம் இருக்கும்படி திட்டமிட்டார். ஆனால் 1869இல், பாலத்துக்கான இடத்தை அளந்துகொண்டு படகுத் துறையில் நின்றபோது, கரையணைந்த படகு அவரது பாதத்தை நசுக்கியது. காயத்துக்குத் தண்ணீர் வைத்தியமே போதும் என்று பிடிவாதமாக இருந்தார். ஏற்புவலி கண்டு, யூலை 22ஆம் நாள் உயிர் நீத்தார்.

மகன் வாஷிங்டன் பொறுப்பேற்றார். ஆற்றின் அடியில், அமுக்கிய காற்று நிறைந்த அறைகளில் வேலை செய்ததால் அவரும் 1872இல் நோயுற்று முடங்கினார். அவரது கட்டளைகளை மனைவி எமிலி வேலைத்தலத்துக்குக் கொண்டு சென்றார்.

அந்நிலையில்தான் மோசடி வெளிப்பட்டது. ஒவ்வொரு கம்பியும் 3,400 இறாத்தல் வரை அறாது தாங்க வேண்டும் என்பது விதி. கம்பி வழங்கிய லொயிட் ஹெய்க் என்பவர், சோதனையில் தேறிய கம்பிகளை வழியில் மறைத்து, தள்ளப்பட்டவற்றைப் பாலத்துக்கு அனுப்பியமை 1878இல் தெரியவந்தது. அதற்குள் கெட்ட கம்பிகள் பல வடத்தில் சேர்ந்துவிட்டன. பிரித்தெடுக்க வழியில்லை.

நோய்ப்படுக்கையில் இருந்த வாஷிங்டன் கணக்கெடுத்தார். பலம் ஆறு மடங்கிலிருந்து குறைந்தாலும், நான்கு மடங்குக்குக் கீழே போகாது எனக் கண்டார். கெட்ட கம்பிகளை அப்படியே விட்டு, ஒவ்வொரு வடத்திலும் ஏறக்குறைய 150 நல்ல கம்பிகளைக் கூடுதலாகச் சேர்க்கும்படி கட்டளையிட்டார். இவ்வாறு ஒவ்வொரு வடத்திலும் 5,434 கம்பிகள் ஆயின. 1883 மே 24ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது.

வாசகர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். வேண்டிய அளவுக்கு மட்டும் பலம் போதும் என்று றோப்ளிங் சிக்கனம் பார்த்திருந்தால், அந்தக் கெட்ட கம்பிகள் எத்தனை உயிர்களைப் பலிகொண்டிருக்கும்! காற்றையும் அதிர்ச்சியையும் எண்ணி அவர் விட்டுச்சென்ற மேலதிக பலம், அவர் எண்ணியிராத ஒருவரின் வஞ்சகத்தையும் தாங்கிக்கொண்டது. பிறர் உயிர் தொங்கும் கம்பியை அளப்பவர் எவராயினும், கணக்கு முடிந்த இடத்தில் நின்றுவிடலாகாது. பாரம் வருமுன்பே பலத்தைச் சேர்த்து வைத்தல் வேண்டும்.